சத்தம் போடாத டேப்பெட்

அப்பா 1998-ல் வாங்கிய மாருதி 800 இன்னும் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டர் வைத்த மாடல், மூன்று சிலிண்டர், 796 சிசி. போன கோடையில் அதற்கு ஒரு நடுக்கம் வந்தது. தாம்பரத்தில் கிளம்பினால் குரோம்பேட்டை வரை ஒழுங்காகப் போகும். பல்லாவரம் சிக்னலில் நின்றதும் ஆரம்பித்துவிடும். ஸ்டியரிங், டேஷ்போர்டு, பின் சீட்டில் கிடக்கும் தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்து ஆடும். ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டால் சரியாகிவிடும், காலை எடுத்தால் மறுபடி ஆட்டம். இன்ஜின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் இந்தத் தொல்லையே கிடையாது.

ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். போனட்டைத் திறந்து அரை நிமிடம் பார்த்தார்கள். "கார்புரேட்டர் போயிடுச்சு சார், மாத்திடலாம்." அவர்கள் சொன்ன தொகைக்கு நானே கழற்றிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பைக் கார்புரேட்டர் கழற்றியிருக்கிறேன் என்கிற தைரியம்தான்.

அதில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் டீத்தூள் மாதிரி துரு படிந்திருந்தது. ஆஹா, திருடன் மாட்டினான் என்று நினைத்தேன். பெட்ரோல் போகும் சின்னத் துளைகளான ஜெட்களை எல்லாம் ஊதிச் சுத்தம் செய்து, அடியில் புது பேக்கிங் போட்டு மாட்டினேன். மைலேஜ் கொஞ்சம் கூடியது. பல்லாவரத்தில் ஆட்டம் அப்படியே இருந்தது.

அடுத்து கரன்ட் பக்கம். மூன்று பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார் எல்லாம் ஜி.பி. ரோட்டில் புதிதாக வாங்கி வந்து மாட்டிச் சாவியைத் திருப்பினால், டமார்! எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்ததாக அப்புறம் சொன்னார்கள். இந்த இன்ஜின் 1-3-2 என்ற வரிசையில் எரியும். நான் வயர்களை 1-2-3 என்று அழகாக வரிசையாகச் சொருகியிருந்தேன். மாற்றிச் சொருகினேன், ஓடியது. சூடானதும் பழையபடி ஆடியது.

இதற்குப் பிறகுதான் பொருள் வாங்குவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஆடும்போது எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்கச் செலவே கிடையாது. சூடான இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் ஒவ்வொரு பிளக் வயராகச் சட்டென்று பிடுங்கித் திரும்பச் சொருக வேண்டும். வெறும் கையால் தொடாதீர்கள், ஆளைத் தூக்கிப் போடும். ஒன்றாவதைப் பிடுங்கியதும் இன்ஜின் துவண்டது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கினேன், எந்த மாற்றமும் இல்லை. அதுதான் ஏற்கெனவே செத்துக் கிடந்தது.

சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று காட்டும் கம்ப்ரெஷன் கேஜ் ஒன்று வாங்கினேன். எல்லாப் பிளக்கையும் கழற்றி, காயிலுக்குப் போகும் வயரைப் பிரித்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிட வேண்டும். காலை ஆறு மணிக்குப் பார்த்தேன்: 150, 150, 135 பி.எஸ்.ஐ. மூன்றாவது கொஞ்சம் குறைவு, ஆனால் சாகிற அளவுக்கு இல்லையே என்று கேஜைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. வண்டி ஆடுவது சூட்டில், நான் பார்த்தது ஆறிய இன்ஜினை. இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து உடனே பார்த்தேன்: 150, 150, 85.

85-ஐப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரிங் போயிருந்தால் இன்ஜினையே பிரிக்க வேண்டும். பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். ரிங் கசிந்தால் ஆயில் அந்த இடுக்கை அடைக்கும், அளவு நன்றாக ஏறும். ஏறவில்லை, 90-ல் நின்றது. சிலிண்டர்களுக்கு மேல் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் பேக்கிங், அதாவது ஹெட் கேஸ்கட், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் போயிருந்தால் இரண்டாவதும் சேர்ந்து இறங்கியிருக்கும். ஆக, வால்வு.

எங்கள் பக்கத்துத் தெருவில் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாலை நடைக்குப் போகிறவர் நின்று கேட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் சைலன்சர் வாயருகே தொங்கவிட்டுப் பிடித்தார். நோட்டு படபடவென்று வெளிப்பக்கம் அடித்தது. நடுநடுவே வெடுக்கென்று உள்ளே இழுத்துக் குழாய் வாயில் ஒட்டியது.

"உள்ள இழுக்குது பாருங்க தம்பி. எக்ஸாஸ்ட் வால்வு மூடல. டேப்பெட் எப்ப பார்த்தீங்க?"

"டேப்பெட் சத்தமே வரலையே ஐயா."

"அதான் சொல்றேன்."

எக்ஸாஸ்ட் என்பது எரிந்த புகை வெளியேறும் வால்வு. கேஸ் போட்டு ஓட்டின வண்டியா என்று அடுத்து கேட்டார். ஆமாம், அப்பா எல்பிஜி கிட் போட்டு எட்டு வருடம் ஓட்டியிருந்தார். கேஸ் வறண்டு எரியும், அதில் வால்வு உட்காரும் சீட் சீக்கிரம் தேயும். சீட் தேயத் தேய வால்வு மேலே ஏறி, வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் வால்வு தண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி, அதாவது டேப்பெட் இடைவெளி, குறைந்துகொண்டே வரும். இடைவெளி இல்லை என்றால் டிக் டிக் சத்தமும் இல்லை. வண்டி அமைதியாக ஓடுகிறது என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம். சூட்டில் தண்டு நீளும்போது வால்வு முழுதாக மூட முடியாமல் ராக்கரில் முட்டி நிற்கும். கம்ப்ரெஷன் அந்த வழியாக ஓடிவிடும். வேகமாகச் சுற்றும்போது கசிய நேரம் போதாது, அதனால்தான் ஆக்சிலேட்டர் தொட்டதும் நடுக்கம் மறைந்தது.

மறுநாள் காலை இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது டேப்பெட் கவரைக் கழற்றினேன். மொத்தம் ஆறு வால்வு. கிராங்க் புல்லியை ஸ்பேனரால் திருப்பி, ஒவ்வொரு சிலிண்டராக இரண்டு வால்வும் மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டைச் சொருகிப் பார்த்தேன். ஒன்று முடிந்து அடுத்த சிலிண்டருக்கு 240 டிகிரி, அதாவது முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. முதல் இரண்டும் பெரிய மோசமில்லை. மூன்றாவதன் எக்ஸாஸ்ட்டில் 0.05 மி.மீ. தகடுகூட நுழையவில்லை. லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, 0.15 தகடு லேசான இழுவையோடு வரும்படி வைத்தேன். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே சுற்றிக்கொண்டுவிடும். நாலு தடவை ஏமாற்றியது. ஸ்க்ரூடிரைவரை ஒரு கையில் அசையாமல் பிடித்துக்கொண்டுதான் இறுக்க வேண்டும், இறுக்கிய பிறகு தகட்டை இன்னொரு தடவை விட்டுப் பார்க்க வேண்டும்.

கவர் பேக்கிங்கைப் பழையதையே போட்டேன். கஞ்சத்தனம். மறுநாள் தரையில் ஆயில் சொட்டியது, திரும்ப ஜி.பி. ரோடு.

சூட்டில் இப்போது 150, 150, 125. ரொம்ப நாள் மூடாமலே ஓடியதில் வால்வு விளிம்பு கொஞ்சம் கருகியிருக்கும், அதனால்தான் மிச்சம் 25 வரவில்லை என்கிறார் பெரியவர். ஒருநாள் ஹெட்டை இறக்கி வால்வு கிரைண்டிங் செய்தாக வேண்டும். அதுவரை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருதரம் தகடு விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

பல்லாவரம் சிக்னலில் பாட்டில் ஆடுவதில்லை. அன்று அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். மீனம்பாக்கம் தாண்டும்வரை பேசாமல் வந்தார். அப்புறம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "என்னடா இது, டிக் டிக்குன்னு சத்தம் வருது? நான் ஓட்டினப்ப இப்படி இல்லையே!" என்றார்.