எஃப்.எம். டிடெக்டரும் திரும்பி நிற்கும் டையோடும்

முந்தாநாள் முடிவு வந்தது. மூன்றாவது முறையில் அனலாக் கம்யூனிகேஷன் அரியர் தீர்ந்துவிட்டது. ஹால் டிக்கெட்டில் அந்த ஒரு பாடம் மட்டும் தனித்து நின்றதைப் பார்த்து நொந்தவன் நான். சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

முதல் இரண்டு முறையும் என்னைக் கவிழ்த்தது 13 மதிப்பெண் டிடெக்டர் கேள்விதான். எஃப்.எம். அலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் சுற்றுதான் டிடெக்டர். ஃபாஸ்டர்-சீலி, ரேஷியோ என்ற இரண்டு வகைகளின் சுற்றுகளையும் மனப்பாடம் செய்திருந்தேன். அறைக்குள் இரண்டும் கலந்துபோயின. ரேஷியோ டிடெக்டரில் டையோடுகள் (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடுபவை) இரண்டையும் ஒரே திசையில் வரைந்துவிட்டு, மூன்று பக்கம் விளக்கம் எழுதினேன்.

வீட்டுப் பழைய ரேடியோவைத் திறந்த அன்றுதான் விளங்கியது. கடைசி 10.7 மெகாஹெர்ட்ஸ் ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) டப்பாவை ஒட்டி இரண்டு கண்ணாடி டையோடுகள். ஒன்றின் கோடு மேலே, மற்றதன் கோடு கீழே. பக்கத்திலேயே சற்றுப் பருத்த மின்தேக்கி. டையோடு ஒன்று திரும்பி நிற்பதால் இரு டையோடுகளின் மின்னழுத்தங்களும் கூடுகின்றன; அந்தக் கூட்டுத்தொகையை மின்தேக்கி அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மின்னல் வெட்டினால் எழும் திடீர் வீச்சு மாற்றம் அங்கேயே அடங்கிவிடும். வீச்சு மாற்றத்தை வெட்டியெடுக்கும் லிமிட்டர் தனியாகத் தேவைப்படாததற்குக் காரணம் இதுவே. அதிர்வெண்ணுக்கேற்ப மாறுவது இரண்டின் விகிதம் மட்டும். பெயரும் அப்படி வந்ததுதான். ஃபாஸ்டர்-சீலியில் கிடைப்பதில் பாதி வெளியீடுதான் இதில் கிடைக்கும். இந்த வரியை எழுதாமல் வராதீர்கள்.

மற்றவை சுருக்கமாக:

- ஃபேஸர் படம் (மின்னழுத்தங்களின் அளவையும் கட்டத்தையும் அம்புகளால் காட்டுவது) மூன்று: மைய அதிர்வெண்ணில், அதற்கு மேலே, அதற்குக் கீழே. மையத்தில் முதன்மைச் சுருள், துணைச் சுருள் மின்னழுத்தங்களுக்கிடையே 90 பாகை. அதனால் இரு டையோடுகளுக்கும் சம பங்கு.
- எஸ் வளைவின் (அதிர்வெண்ணுக்கேற்ப வெளியீடு மாறுவதைக் காட்டும் வரைபடம்) நேர்கோட்டுப் பகுதிக்குள் எஃப்.எம். அலையின் ±75 கிலோஹெர்ட்ஸ் விலகல் அடங்கவேண்டும். அளவைக் குறியுங்கள்.
- ஸ்லோப் டிடெக்டர் என்ற எளிய வகையை 2 மதிப்பெண் அளவுக்குப் படித்தால் போதும்.
- டீ-எம்ஃபசிஸ் (அனுப்பும்போது தூக்கிவிட்ட உயர் அதிர்வெண்களை மீண்டும் தணிப்பது): அதன் கால மாறிலி நம் நாட்டில் 50 மைக்ரோ விநாடி, அமெரிக்காவில் 75.

பி.எல்.எல். (வரும் அலையின் கட்டத்தைப் பின்தொடரும் சுற்று) வகை டிடெக்டர் எளிது என்று அதை மட்டும் படித்துச் செல்பவர்கள் உண்டு. அதிலுள்ள வி.சி.ஓ.வை (மின்னழுத்தத்தால் அதிர்வெண் மாறும் அலையியற்றி) இழுத்துப் பிடிக்கும் மின்னழுத்தமே ஒலி என்பது அழகான கருத்து. ஆனால் கேள்வியில் குறிப்பிட்டு வேறு வகை டிடெக்டரைக் கேட்டால் நடுத்தெருவில் நிற்பீர்கள்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. விடியற்காலையில் தனியாக உட்கார்ந்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, தினமும் இரண்டு சுற்றுகளையும் வரைந்தேன். இந்த முறை விடைத்தாள் கைக்கு வந்ததும் கடைசிப் பக்க மூலையில் பென்சிலால் முதலில் போட்டது அந்த இரண்டு டையோடுகளைத்தான்: ஒன்று மேல் நோக்கி, ஒன்று கீழ் நோக்கி. பிறகுதான் வினாத்தாளைத் திருப்பினேன்.