ஓரமா ஓரமா எண்டு போனா பஸ் இன்னும் கிட்ட வரும்

சைக்கிள்ல வேலைக்குப் போற ஆருக்கும் வீட்டில குடுக்கிற புத்திமதி ஒண்டே ஒண்டுதான், "ஓரமா போ". அம்மா சொல்லுவா, முன்வீட்டு மாமா கேட்டைத் திறந்துகொண்டு சொல்லுவார், பஸ் ஃபுட்போட்டில தொங்கிற கொண்டக்டரும் அதைத்தான் சொல்லுவான், என்ன அவன் சொல்லுற சொல்லை இங்க எழுத ஏலாது. எனக்கு இந்த ஓரத்தில நம்பிக்கை இல்ல. ஏனெண்டு இண்டைக்கு எழுதிப்போடுறன், போன கிழமை ஒபிஸில புதுசா சைக்கிள் வாங்கின பிள்ளை ஒண்டு ஏன் ஓரமா போறேல்ல எண்டு கேட்டது, தேத்தண்ணி நேரத்துக்குள்ள சொல்லி முடிக்க ஏலாமப் போச்சு.

நான் அலஸ்தோட்டத்தில இருந்து திருகோணமலை டவுனுக்கு வாறனான். 2022ல பெற்றோல் இல்லாத காலத்தில நிறையப் பேர் சைக்கிள்ல இறங்கினவை, பெற்றோல் வந்ததும் முக்கால்வாசிப் பேர் திரும்ப ஸ்கூட்டியில ஏறிற்றினம், நான் ஏறேல்ல. லேடீஸ் லுமாலா சைக்கிள், முன்னுக்குக் கூடை, பின்னுக்குக் கரியர், பஞ்சாபி ஷோலை ரெண்டு பக்கமும் ஊசி குத்தித்தான் வெளிக்கிடுறது, அது பறந்து எதிலயாவது கொழுவினா கதை முடிஞ்சுது.

இனி ஓரத்துக்கு வாறன். நான் வாற நிலாவெளி ரோட்டின்ர ஓரத்தில என்ன கிடக்கு எண்டு ஒருக்கா நடந்து பாருங்கோ. கடற்கரைப் பக்கத்து மணல் காத்துக்கு வந்து தாருக்கு மேல மெல்லிசாப் படிஞ்சு கிடக்கும், தூரத்தில இருந்து பாக்க ரோட்டின்ர நிறமாத்தான் இருக்கும், டயர் ஏறினதுக்குப் பிறகுதான் வழுக்குது எண்டு தெரியும். அதைவிட மோசம் தாரின்ர விளிம்பு. சில இடத்தில தார் முடியிற இடத்துக்கும் கிரவலுக்கும் நாலு விரல் உயரம் வித்தியாசம் இருக்கு. முன் டயர் அதில இருந்து கீழ இறங்கிற்று எண்டா விழமாட்டீங்க, திரும்ப மேல ஏறப் பாக்கேக்கதான் விழுவீங்க, டயர் விளிம்போட சரிவாத் தேய்ச்சு தேய்ச்சு ஏற மாட்டனெண்டு நிண்டு, சைக்கிள் உங்களை வலது பக்கமாத் தள்ளும், வலது பக்கம்தானே பஸ் வருது. பிறகு மாடுகள். விடியப்புறம் தார்ச் சூட்டுக்குப் படுத்த மாடு ஏழு மணிக்கும் எழும்பாது. ஓரத்தை ஒட்டி வாறவர் ஒவ்வொரு மாட்டுக்கும் திடீரெண்டு வெளிய வெட்டி எடுக்கவேணும், பின்னால வாறவனுக்கு நீங்க எப்ப வெட்டுவீங்க எண்டு தெரியாது. ஒரே நேர்கோட்டில வாற ஆளைத்தான் அவனால கணக்குப் பண்ண ஏலும்.

கணக்கு எண்டதும் இதையும் பாருங்கோ. பஸ்ஸின்ர அகலம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். உங்கட பக்கத்து லேன் மூண்டரை மீட்டர் எண்டே வைப்பம், மிச்சம் ஒரு மீட்டர். அதுக்குள்ள உங்கட ஹண்டில் மட்டும் 60 சென்டிமீட்டர். ஹண்டில் நுனி தார் விளிம்புக்கு நேரா வாற மாதிரிப் போனாலும் பஸ்ஸுக்கும் உங்களுக்கும் நடுவில 40 சென்டிமீட்டர்தான், அதிலயும் சைட் கண்ணாடி வெளிய நீட்டிக்கொண்டு இருக்கு. அதாவது எதிர்ப்பக்கம் வாகனம் வரேக்க லேனுக்குள்ளயே உங்களைத் தாண்ட ஒழுங்கான இடம் எண்டு ஒண்டு இல்லவே இல்ல. ஆனா நீங்க விளிம்போட ஒட்டினா டிரைவருக்கு இடம் இருக்கிற மாதிரித் தெரியும், விடுவான். விளிம்பில இருந்து ஒரு மீட்டர் ரோட்டுக்குள்ள நிண்டா இடம் இல்லை எண்டது அவனுக்குப் பளிச்செண்டு தெரியும், கோட்டைத் தாண்டிப் போகவேணும் இல்லாட்டி பின்னால நிக்கவேணும்.

பிரிட்டனில 2022 ஜனவரியில ரோட்டு விதிக்கோவையைத் திருத்தேக்க இதை அப்பிடியே எழுதிவிட்டாங்கள், வாகனம் ஓடுறவர் மணிக்கு 30 மைல் வேகம் வரைக்கும் சைக்கிளுக்கு ஆகக்குறைஞ்சது 1.5 மீட்டர் விட்டுத் தாண்டவேணும், சைக்கிள்காரர் வேகமான ரோட்டில விளிம்பில இருந்து ஆகக்குறைஞ்சது அரை மீட்டர் தள்ளி, ஒடுங்கின இடத்திலயும் அமைதியான ரோட்டிலயும் லேனுக்கு நடுவில போகலாம் எண்டு. ரோட்டின்ர இடது பக்கம் ஓடுற நாடு எண்டதால அதை நாங்க திருப்பிப் போட்டு யோசிக்கத் தேவையில்ல.

ஆனா எதிர்க்கதையும் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா நியாயமில்ல. அப்ப பாத் பல்கலைக்கழகத்தில இருந்த இயன் வோக்கர் எண்ட மனோதத்துவ ஆராய்ச்சியாளர் சைக்கிள்ல அளவுக்கருவி பூட்டி, தன்னைத் தாண்டிப் போன 2300க்கு மேற்பட்ட வாகனங்களின்ர இடைவெளியை அளந்து 2007ல வெளியிட்டவர். ஹெல்மட் போட்டிருந்தா சராசரியா 8.5 சென்டிமீட்டர் கிட்ட வந்தாங்களாம் (இந்தக் கணக்கைப் பிறகு வேற ஆக்கள் திரும்பப் பாத்து அவ்வளவு பெரிய விசயமில்லை எண்டவை). நீளமுடி விக் போட்டுக்கொண்டு போனா 14 சென்டிமீட்டர் கூட விட்டாங்களாம், நான் உண்மையான பின்னலோட போறன், நம்மட ரோட்டில அந்த 14 சென்டிமீட்டரை இன்னும் காணேல்ல. அந்தாள் ஆராய்ச்சி முடியிறதுக்குள்ள பஸ்ஸிலயும் அடிவாங்கி லொறியிலயும் அடிவாங்கினவர், பாவம். விசயம் என்னண்டா, விளிம்பில இருந்து வெளிய தள்ளித் தள்ளிப் போகப் போக வாகனங்கள் விட்ட இடைவெளி குறைஞ்சுதான் இருந்திருக்கு.

அப்ப நான் சொல்லுறது பிழையா எண்டா, இல்ல. வெளிய நிண்டா எல்லாரும் தள்ளிப் போவாங்கள் எண்டு நான் சொல்ல வரேல்ல. ஒருத்தன் உரசிற மாதிரி வந்தா எனக்கு இடது பக்கம் ஒரு மீட்டர் மிச்சம் இருக்கு, அதுதான் என்ர சேமிப்பு. ஓரத்திலயே போறவருக்கு அந்த நேரம் ஒதுங்க இடமில்ல, இருக்கிறது மணலும் கானும்தான். அவன் கிட்ட வாறதைத் தடுக்க என்னால ஏலாது, நான் எங்க ஒதுங்குவன் எண்டதை முன்னுக்கே வைச்சிருக்க ஏலும்.

இதில நேரம்தான் முக்கியம். பஸ் சத்தம் முதுகுக்குப் பின்னால கேட்ட பிறகு லேனுக்கு நடுவில எடுக்கிறது தற்கொலை. ஒடுங்கின இடம் தூரத்தில தெரியேக்கயே வலது தோளுக்கு மேலால ஒருக்கா நல்லாத் திரும்பிப் பாக்கவேணும், டிரைவரின்ர முகம் தெரியிற மாதிரி, பிறகு வலது கையை நீட்டி, பிறகு எடுக்கவேணும். ஒடுக்கம் தாண்டி ரோட்டு அகலமானதும் நானே இடது பக்கம் வந்து கையைக் காட்டிப் போகச் சொல்லுவன். முக்கால்வாசிப் பேர் ஒரு சின்ன ஹோர்ன் அடிச்சு நன்றி சொல்லிற்றுத்தான் போவினம்.

மேற்கால அடிக்கிற கச்சான் காத்துக் காலத்தில இன்னொரு கூத்து இருக்கு. டவுனுக்கு வரேக்க காத்து வலது பக்கத்தால அடிக்கும், எங்களை அறியாமலே அதுக்கு எதிராக் கொஞ்சம் சரிஞ்சுதான் மிதிப்பம். பஸ் பக்கத்தில வந்ததும் காத்து டக்கெண்டு நிண்டுபோகும், சரிஞ்ச உடம்பு பஸ் பக்கமா விழப்பாக்கும், பஸ் போனதும் நிப்பாட்டி வைச்சிருந்த காத்து முழுக்க ஒரேயடியா வந்து கானுக்குள்ள தள்ளும். அந்த நேரம் ஹண்டிலை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, முழங்கையைக் கொஞ்சம் மடிச்சு இளக்கிப் பிடிச்சா சைக்கிள் தானா நிமிரும். கிண்ணியாவில இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போகேக்க பாலத்துக்கு மேலயும் இதே கதைதான், அங்க 2009க்கு முந்தி ஃபெரியில ஏறி நிம்மதியா நிண்டுகொண்டு போனனாங்கள்.

ஒருநாள் உப்புவெளிக்கிட்ட ஒரு பஸ் என்ர முழங்கையில காத்துப் படுற மாதிரி வெட்டிக்கொண்டு போச்சு. அடுத்த ஹோல்ட்டில ஆள் ஏத்திக்கொண்டு நிண்டது, நானும் போய்ச் சேந்திற்றன். டிரைவர் ஜன்னல் பக்கம் போய் "அண்ணே, இப்ப நீங்க என்னை விழுத்தப் பாத்தீங்க" எண்டன். ஐம்பது வயசுக்காரர், கோவப்படேல்ல. "தங்கச்சி, நீங்க நடுரோட்டில வந்தா நாங்க எங்கால போறது?" எண்டார். "ரெண்டு செக்கன் பின்னால வந்திருந்தாலும் இதே ஹோல்ட்டிலதானே நிண்டிருப்பீங்க, நானும் இங்கதான் நிக்கிறன்." அவர் சிரிச்சிற்று, "டைம் கீப்பர் உங்களையா ஏசுறான், என்னைத்தானே" எண்டு கியரைப் போட்டார். அந்த மனுசன் சொன்னதிலயும் ஞாயம் இருக்கு, பின்னால வாற பஸ் முந்தினா அவருக்கு அண்டைக்குச் சல்லி இல்ல. அதுக்காக என்ர முழங்கையை வாடகைக்குக் குடுக்க ஏலுமா? ஆனா கத்திச் சண்டை பிடிச்சிருந்தா அடுத்த நாள் வேணுமெண்டே கிட்ட வந்திருப்பார், அந்த ரோட்டில திரும்பத் திரும்ப ஓடுறது அதே ஆக்கள்தானே. இப்ப அந்த பஸ் கொஞ்சம் தள்ளித்தான் போகுது. மிரட்டினா, துரத்தினா அது வேற, நம்பரைப் பாடமாக்கி 119க்கு அடியுங்கோ.

டவுனுக்குள்ள வந்தா பஸ்ஸை விட நிப்பாட்டி வைச்ச கார்தான் பயம். மத்திய வீதியில வரிசையா நிக்கும், எந்தக் கதவு எப்ப திறக்கும் எண்டு ஆருக்கும் தெரியாது, ஒரு கதவு அகலம் தள்ளித்தான் போறனான், பின்னால ஓட்டோக்காரர் எவ்வளவு ஹோர்ன் அடிச்சாலும் சரி. கோட்டடிப் பக்கம் மான் குறுக்கால வந்தா மட்டும் எல்லாரும் மரியாதையா நிப்பாட்டுவினம், அதுக்குக் குடுக்கிற இடத்தில பாதி எங்களுக்குக் கிடைச்சாலே போதும்.

இந்த ஒரு மீட்டர் கதையெல்லாம் கண்டி ரோட்டில சீனக்குடாப் பக்கம் போறவைக்கு அப்பிடியே பொருந்தாது எண்டதையும் அந்தப் பிள்ளைக்குச் சொன்னனான். அங்க மாவு லொறி, சீமெந்து லொறி, எண்ணெய் பவுசர், எல்லாம் வேகத்தில வரும், பாரத்தோட உடனே பிரேக் பிடிக்கவும் ஏலாது. வெள்ளைக் கோட்டுக்கு இடது பக்கம் நல்ல தார் இருந்தா யோசிக்காம அதுக்குள்ளயே போங்கோ, அது முடியிற இடத்தில மட்டும் திரும்பிப் பாத்து வெளிய எடுங்கோ. பின்னுக்கு பற்றரி லைட் ஒண்டு கட்டாயம் பூட்டுங்கோ, டைனமோவை நம்பவேண்டாம், சைக்கிள் நிண்டா அதுவும் நிண்டிடும்.