பரண் நாலு நாளில் காலி, ஹால் மூன்று வாரம் அடைசல்

சென்னையில் 850 சதுர அடி வீடு, இரண்டு படுக்கையறை, 28 வருடச் சேர்மானம். எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்க நாலு நாள்தான் ஆனது. வேண்டாம் என்று முடிவு செய்ததை வீட்டைவிட்டு வெளியேற்ற மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் ஹாலில் நடக்க வழியில்லை. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் மூட்டை, வாசலில் மெத்தை. இரண்டாவது வாரத்தில் அம்மா மூட்டைகளைப் பிரித்து ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார். பாதி வேலை அதிலேயே பாழ்.

அதனால் இதைச் செய்யப் போகிறவர்களுக்கு முதலில் சொல்வது: பரணில் கை வைக்கும் முன் போனில் கை வையுங்கள். துணி யார் வாங்குவார்கள், மெத்தை எங்கே போகும், பழைய பேட்டரியை யாரிடம் கொடுப்பது என்று கேட்டு, தேதியும் குறித்த பிறகு பரணில் ஏறுங்கள்.

நாங்கள் கேட்கவில்லை. ஆறு கட்டைப்பை நிறைய துணி, எல்லாம் துவைத்து மடித்தது. ஆட்டோ பிடித்து ஒரு இல்லத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே அலுவலகத்தில் இருந்த பெண் ஒரு பையை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, "பழைய துணி வாங்கறதில்லைங்க. ஏற்கெனவே ஒரு ரூம் நிறைய கெடக்கு. அரிசி பருப்பு குடுத்தா வாங்கிக்கிறோம்" என்றார். போக வர ஆட்டோ காசு போனது, ஒரு காலை முழுக்கப் போனது. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பலரும் கழிக்க இடமில்லாததை அங்கே இறக்கிவிட்டுப் போகிறார்கள்.

பிறகு வழி கிடைத்தது. பழைய பருத்திப் போர்வை, டவல் எல்லாம் தெரு நாய்களைப் பராமரிக்கும் இடங்களில் தேவைப்படுகிறது, கேட்டுக்கொண்டு போனால் மறுக்கவில்லை. நைந்த வேட்டி, காட்டன் புடவையை ஒரு முழச் சதுரமாக வெட்டி மெக்கானிக் ஷெட்டில் கொடுத்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்கிறார்கள். பள்ளிச் சீருடைக்குக் காலம் முக்கியம். பள்ளி திறப்பதற்கு முன், மே மாதத்திலேயே கொடுத்தால் பயன்படும். ஆகஸ்டில் கொடுத்தால் அவர்கள் வீட்டுப் பரணில்தான் ஏறும்.

பழைய சாமான்காரர் எடைக்கு எடுப்பது பேப்பர், அட்டை, இரும்பு, கனமான பிளாஸ்டிக். மெத்தை, தலையணை, தெர்மோகோல், கண்ணாடி, பீங்கான், மெலமைன் தட்டு எதையும் தொடமாட்டார். எங்கள் இலவம்பஞ்சு மெத்தை பன்னிரண்டு நாள் வாசலில் நின்றது. சென்னை மாநகராட்சியில் 1913-க்கு அழைத்தோ நம்ம சென்னை செயலியிலோ பதிந்தால் சனிக்கிழமையில் மெத்தை, சோபா, உடைந்த கட்டில் போன்றவற்றை வந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. முதலிலேயே பதிந்திருந்தால் ஒரு சனிக்கிழமையோடு முடிந்திருக்கும்.

பவர் பேங்க், பழைய போன் விஷயத்தில் அலட்சியம் கூடாது. மேசை இழுப்பறையில் ஒரு பழைய போனின் பின்மூடி திறந்து நின்றது. உள்ளே பேட்டரி உப்பி, அப்பளம் மாதிரி வயிறு தள்ளியிருந்தது. அதை அழுத்தவோ, குத்தவோ, சார்ஜ் போட்டுப் பார்க்கவோ கூடாது, தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, பால்கனியில் வெயில் படாத மூலையில் வைத்தோம். பிறகு மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்தோம். குப்பை வண்டியில் போட்டால் அங்கே அழுத்தும்போது எரியும். எரிந்துபோன டியூப் லைட்டும் சிஎஃப்எல் பல்பும் அதே இடத்துக்குத்தான். உள்ளே பாதரசம் இருக்கிறது, உடைக்காமல் கொண்டுபோக வேண்டும்.

பாத்திரத்தில்தான் அதிகம் ஏமாறுவார்கள். பித்தளை, வெண்கலம், செம்பு எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டு "மொத்தமா பித்தளை விலை" என்பார் கடைக்காரர். வெண்கலத்தில் செம்போடு வெள்ளீயம் சேர்ந்திருக்கிறது, பித்தளையில் செம்போடு துத்தநாகம். விலை ஒன்றல்ல. விளிம்பில் விரல் முட்டியால் தட்டினால் வெண்கலம் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும், பித்தளையின் ஓசை சீக்கிரம் அடங்கும்.

ஈயச்சொம்பு இன்னும் மோசம். கறுத்து மங்கிப்போய்க் கிடந்ததால் அலுமினியத்தோடு சேர்த்து எடை போடப் பார்த்தார். நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயம், அலுமினியத்தைவிடப் பல மடங்கு விலை. கையில் தூக்கினாலே அளவுக்கு மீறிக் கனக்கும், விளிம்பைக் கட்டை விரலால் அழுத்தினால் நெளிந்து கொடுக்கும். அதைத் திரும்ப வாங்கிக்கொண்டோம், இப்போது ரசம் அதில்தான். புளித்தண்ணீர் ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். 232 டிகிரியில் வெள்ளீயம் உருகிவிடும், வெறும் சொம்பு நெருப்பில் நிற்காது. ஊர் பேர் தெரியாத இடத்தில் வாங்கிய சொம்பாக இருந்தால் காரீயம் கலந்திருக்கலாம், அதில் சமைக்க வேண்டாம். சொந்தமாக ஒரு கொக்கித் தராசு வைத்து வீட்டிலேயே நிறுத்து, பையில் எடையை எழுதிவிட்டால் பேச்சே வளராது.

காகிதத்தை நினைத்தால் இன்னும் படபடக்கிறது. பழைய வாரப் பத்திரிகைக் கட்டு தராசில் ஏறிவிட்டது. கயிறு தளர்ந்து சரிந்தபோது பச்சை நிற முத்திரைத்தாள் ஓரம் தெரிந்தது. 1989-ஆம் வருடத்து மூலப் பத்திரம். யாரோ வாசித்துக்கொண்டிருந்தபோது எழுந்து போக, இதழுக்குள் செருகி வைத்திருக்கிறார்கள். அது போயிருந்தால் காவல் நிலையத்தில் புகார், பத்திரிகையில் அறிவிப்பு, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழ் என்று மாதக்கணக்கில் அலைச்சல். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும்தான், ஆனால் வீட்டை விற்கப் போனாலும் கடன் வாங்கப் போனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அசல் எங்கே என்றுதான் கேட்பார்.

அன்றிலிருந்து ஒரே விதி: முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறாமல் ஒரு புத்தகமும் வீட்டைவிட்டுப் போகக் கூடாது. காகிதக் கட்டை ஒருவர் பிரித்தால் இன்னொருவர் பார்த்த பிறகுதான் கயிறு. உதறியதில் ஒரு பழைய வங்கி டெபாசிட் ரசீதும் விழுந்தது. பத்து வருடத்துக்கு மேல் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், ஆனாலும் உரியவர் எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். 2023-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் தளத்தில் பெயரும் பான் எண்ணும் போட்டுத் தேடினால் எந்த வங்கி என்று காட்டுகிறது, பணத்துக்கு அந்த வங்கிக்குத்தான் போக வேண்டும். பழைய காகிதப் பங்குச் சான்றிதழ் கிடைத்தாலும் கிழிக்காதீர்கள்.

அசல் ஆவணத்தை லேமினேட் செய்யவே கூடாது. முத்திரையும் கையெழுத்தும் சரிபார்க்க முடியாமல் போகும், பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். துருப்பிடித்த குண்டூசியை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் கிளிப் போடுங்கள். கடை பில் வழுவழுப்பான தாளில் இருந்தால் இரண்டு வருடத்தில் வெள்ளையாகிவிடும், வாரண்டி பில்லை வாங்கிய அன்றே நகல் எடுங்கள். வருமான வரிக் காகிதம் ஏழு வருடம் வைத்திருக்கிறோம். கரண்ட் பில், கேஸ் பில் ஒரு வருடம். மற்றதெல்லாம் போகலாம்.

பெட்டி வாங்கியதும் தவறாகிப் போனது. பரணின் உள் உயரம் 18 அங்குலம் என்று அளந்து, 16 அங்குல உயரத்தில் ஆறு பெட்டி வாங்கினோம். கதவுச் சட்டம் மேலும் கீழும் அடைத்ததில் வாய் 15 அங்குலம்தான். ஒன்றுகூட நுழையவில்லை. சாய்த்து நுழைக்கலாம் என்றால் மூடி திறந்துகொள்கிறது. கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. உள்ளே எவ்வளவு இடம் என்பது அப்புறம், வாயை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கழித்து முடித்த பிறகு வாங்குங்கள், எங்களுக்குக் கடைசியில் தேவைப்பட்டது நாலுதான்.

அளவோடு எடையையும் பாருங்கள். 60 லிட்டர் பெட்டியில் புத்தகம் அடுக்கினால் ஏணியில் நின்று யாராலும் இறக்க முடியாது. புத்தகத்துக்கும் பாத்திரத்துக்கும் 20 லிட்டர், துணிக்கும் கம்பளிக்கும் பெரியது. அட்டைப்பெட்டி பரணில் வேண்டவே வேண்டாம், அதன் மடிப்புக்குள் கரப்பான் முட்டையிடும், சுவரில் ஈரம் இருந்தால் கரையான் ஏறும். கொலு பொம்மையைப் பிளாஸ்டிக்கில் சுற்றாமல் பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள், ஈரம் தங்கினால் வர்ணம் உரியும். அந்துருண்டை போட்ட துணியை நன்றாக வெயிலில் காயவைக்காமல் கைக்குழந்தைக்குப் போடக் கூடாது. சில குழந்தைகளுக்கு ரத்த அணுக்களே உடையும்.

எல்லாப் பெட்டிக்கும் எண், பீரோ கதவின் உள்பக்கம் பட்டியல். "4: கொலு, படித்துணி. 5: கம்பளி, ரெயின்கோட்." தேடி ஏறுவது நின்றுபோனது.

நாலு மாதத்தில் திரும்பி வந்தவை இவை: பார்சல் டப்பா, கட்டைப்பை, சாப்பாட்டு மேசைமேல் காகிதம், நாற்காலியில் ஒருமுறை உடுத்திய துணி. டப்பா பன்னிரண்டுக்கு மேல் இல்லை, பதின்மூன்றாவது வந்தால் மூடி சேராத ஒன்று போகும். பை பத்து. நாற்காலியைத் திட்டிப் பயனில்லை, அந்தத் துணிக்கு வேறு இடம் இல்லை என்பதுதான் காரணம். கதவுக்குப் பின்னால் ஐந்து கொக்கி அடித்தோம், நாற்காலி காலியாகிவிட்டது. வாசல் பக்கம் ஒரு கூடை இருக்கிறது. வெளியே போக வேண்டியது அதில் விழும், நிரம்பினால் அந்தச் சனிக்கிழமையே போய்விடும்.

"இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்று அம்மா சொல்லும் பொருளை நாங்கள் பிடுங்குவதில்லை. தேதி எழுதிய பெட்டியில் போகிறது. அடுத்த தை வரை திறக்காவிட்டால் அம்மாவே முடிவு செய்வார். இதுவரை பாதியை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பாக்கி இருப்பது புகைப்படம். அதைக் கடைசிக்கு வைத்தது சரியான முடிவு, முதலில் திறந்திருந்தால் அன்று வேறு வேலை ஓடியிருக்காது. பசை ஆல்பத்தில் ஒட்டிய படத்தைக் கையால் உரித்தால் கிழியும், பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை அடியில் நுழைத்து மெல்ல அறுத்தால் முழுதாக வரும். பின்பக்கம் மென்மையான பென்சிலால்தான் எழுத வேண்டும், பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா ஒவ்வொரு முகமாகப் பெயர் சொல்ல, எழுதிக்கொண்டு வருகிறோம். 140 படம் முடிந்திருக்கிறது, இன்னும் மூன்று ஆல்பம் இருக்கிறது.