வீட்டுக்குள்ளேயே இருந்துக்கட்டும்

பேர்ணாம்பட்டு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருஷமாக வெல்ஃபேர் ஆபீசராக இருக்கிறேன். குடியாத்தம், மாதனூர், ஆம்பூர் சுற்றுக் கிராமங்களிலிருந்து வேனில் வந்து இறங்கும் பெண்கள்தான் எங்கள் ஆட்களில் பெரும்பாலோர். இ.எஸ்.ஐ. கார்டு, பி.எஃப். பணம், கேன்டீன் சாம்பார், புருஷன் குடித்துவிட்டு அடித்தது என்று எல்லாமே கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும்.

2022 தொடக்கத்தில் ஐரோப்பிய பையர் ஒருவரிடமிருந்து வெள்ளை ஸ்னீக்கர் ஆர்டர் வந்தது. குதிகாலில் பட்டை பட்டையாகக் கலர் போட்ட ஒரு சின்ன நாடா வைத்துத் தைக்க வேண்டும். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற குளோசிங் செக்‌ஷனில் ஒரு லாட் முழுக்க நாடாவைத் தலைகீழாகத் தைத்துவிட்டார்கள். ஊதா மேலே வந்துவிட்டது, சிவப்புதான் மேலே இருக்க வேண்டும் என்று செக்கிங்கில் திருப்பி அனுப்பினார்கள். பிரித்துத் தைக்கிற கடுப்பில் ஒரு பெண் என்னைக் கேட்டாள்: "இன்னா மேடம், வானவில்லுன்னா ஏழு கலராச்சே, இதுல ஆறுதான கீது?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தேன். நாடாவில் இருந்தவை ஒரு வானவில் கொடியின் நிறங்கள். 1978இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் என்பவர் அந்தக் கொடியை முதலில் செய்தபோது எட்டு நிறங்கள் இருந்திருக்கின்றன. அடர் ரோஜா நிறத் துணி தேவையான அளவு கிடைக்காததால் அதை விட்டார்கள். அப்புறம் இன்னொன்றும் போய் ஆறில் நின்றது. மறுநாள் இதைச் சொன்னதும் டேபிளில் இருந்த எல்லோருக்கும் சட்டென்று புரிந்துவிட்டது. "மெட்டீரியல் வரலன்னு டிசைனை மாத்தியிருக்காங்க, நம்ம கம்பெனி மாதிரியே" என்றாள் ஒருத்தி.

யாருடைய கொடி என்று கேட்டார்கள். ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் விரும்புகிறவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள் எல்லோரும் சேர்ந்து ஊர்வலம் போகும்போது பிடிக்கிற கொடி என்றேன். மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, எங்கள் பிரிவிலேயே மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், சொன்னார்: "அவங்கவங்க வீட்டுக்குள்ள எப்படியோ இருந்துக்கட்டும் மேடம். ரோட்டுல எதுக்கு ஊர்வலம்?"

அவர் கெட்ட மனுஷி இல்லை. தன் மகள் கல்யாணத்துக்குத் திருநங்கைகளை அழைத்து, சாப்பாடு போட்டு, ஆசீர்வாதம் வாங்கியவர். அதே பிப்ரவரியில்தான் வேலூர் மாநகராட்சியின் 37ஆவது வார்டில் கங்கா என்ற திருநங்கை கவுன்சிலராக ஜெயித்தார். எங்கள் ஆட்கள் அதை நல்ல செய்தியாகத்தான் பேசிக்கொண்டார்கள். கூவாகம் தெரியும், திருநங்கையர் நல வாரியம் தெரியும். ஆனால் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருக்கும் புடவை கட்டிய பெண் இன்னொரு பெண்ணை விரும்பலாம் என்பதற்கு இங்கே யாரிடமும் இடமில்லை. அதற்கு நல்ல வார்த்தைகூட இல்லை. பையர் கொடுத்த ஒழுங்குவிதிகளைத் தமிழில் அச்சடித்துக் கேன்டீன் சுவரில் ஒட்டியிருந்தோம். சாதி, மதம், பாலினம் என்று போகும் பட்டியலில் 'பாலியல் சார்பு' என்று ஒரு சொல் இருந்தது. பெண்கள் அதை ஏதோ அசிங்கமான வார்த்தை என்று நினைத்து அந்தப் பக்கம் பார்க்காமலே தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆடிட் வருகிறவர்கள் போஸ்டர் இருக்கிறதா என்று பார்த்து டிக் அடித்துவிட்டுப் போனார்கள்.

அக்கா சொன்னதை நானும் சொன்னவள்தான், அதுவும் வேலை நேரத்தில், என் பதவியின் பேரில்.

2016இல் ஸ்டிச்சிங்கில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஆம்பூரில் ஒரே அறையில் வாடகைக்குத் தங்கியிருந்தார்கள். ஒரே வேன், ஒரே டிபன் பாக்ஸ். பேச்சு கிளம்பியது. ஒரு வியாழக்கிழமை ஒருத்தியின் அப்பா, சித்தப்பா, இன்னும் இரண்டு பேர் கேட்டுக்கு வந்து பெண்ணை அனுப்பச் சொன்னார்கள். மேலே கேட்டதற்கு, "இது குடும்ப விவகாரம், கம்பெனிக்குள்ள வேண்டாம், அனுப்பிடுங்க" என்று பதில் வந்தது. அவளுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. நான் அவளை மிஷினிலிருந்து எழுப்பி, தோளில் கை போட்டு, கேட்வரை கூட்டிக்கொண்டு போனேன். "எதுவா இருந்தாலும் வீட்டுக்குள்ள பேசித் தீர்த்துக்கம்மா" என்றேன். அவள் என் கையை விடவே இல்லை. நான்தான் விடுவித்துக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் முடிந்தது என்று கேள்விப்பட்டேன். கணக்கு முடிக்கக்கூட அவள் வரவில்லை, அப்பாதான் வந்து கையெழுத்துப் போட்டார். மற்றவள் திருப்பூருக்குப் போய்விட்டாள்.

எங்கள் ஊரில் எது வீட்டுக்குள் நடக்கிறது? வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும்போது ஊரே ரோட்டில்தான் நிற்கிறது. காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ், மஞ்சள் நீராட்டுக்கு ஸ்பீக்கர், மாப்பிள்ளை அழைப்புக்குப் பேண்டு செட், நாலு முனையிலும் வெடி. சாவுக்குக்கூட ரோட்டை மறித்துப் பூ வீசிக்கொண்டுதான் போகிறோம். யார் யாருக்கு என்ன உறவு என்பதை ஊரறியச் சொல்லிக்கொண்டே இருக்கிறவர்கள் நாம். இவர்களிடம் மட்டும் வீட்டுக்குள் இரு என்கிறோம். இவர்களில் பலருக்கு அடி விழுகிற இடமும் பூட்டு விழுகிற இடமும் அந்த வீடுதான்.

2023 ஜூனில் ஒரு வேலையாகச் சென்னை போனவள், ஞாயிறு மாலை எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் பக்கம் வானவில் சுயமரியாதைப் பேரணியைப் பார்க்கவென்றே போனேன். நியூயார்க்கில் 1969இல் ஸ்டோன்வால் என்ற மதுக்கடையில் போலீஸ் புகுந்து ஆட்களைப் பிடித்தபோது திருப்பி எதிர்த்து நின்றார்கள், அடுத்த வருஷம் அதே நாளில் ஊர்வலம் போனார்கள், அப்படி ஆரம்பித்த வழக்கம் இது. இந்தியாவில் 1999இல் கொல்கத்தாவில் பதினைந்து பேர் அளவில் நடந்தார்கள். சென்னையில் முதல் பேரணி 2009 ஜூன் கடைசியில். இதெல்லாம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனாலும் பறையடிக்கு ஆடிக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்ததும் என் கண் தானாகவே ஒவ்வொரு முகமாகத் தேடியது. ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் கையை விடுவித்துக்கொண்ட முகம் கிடைக்குமா என்று. இல்லை.

என் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், "எந்தக் கட்சிம்மா இது?" என்று கேட்டார். சொன்னேன். "ஓ" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தம்மா யாரு, அம்மாவா?" என்று கேட்டார். பட்டுப்புடவை கட்டிய ஒரு நடுவயது அம்மா, மகன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தார். அவர் கையில் ஒரு அட்டை இருந்தது. என்ன எழுதியிருந்தது என்பது நினைவில்லை, அந்தப் பிடி நினைவிருக்கிறது.

முகமூடி போட்ட ஒரு பெண் தண்ணீர் குடிக்க ஓரமாக வந்தாள். அவள் பேச்சில் "வந்துகினு" என்று ஒரு வார்த்தை விழுந்ததும், நம்ம பக்கமா என்று கேட்டுவிட்டேன். வாலாஜா பக்கம் என்றாள். படம் எடுக்கலாமா என்றதற்குப் பதறிப்போனாள். "வேணாம்க்கா. ஊர்ல பார்த்தா முடிஞ்சுது. வருஷத்துல இந்த ரெண்டு மணி நேரந்தான்." இன்னுமா ஊர்வலம் தேவை என்று கேட்கிறவர்களிடம் நான் இவளைத்தான் சொல்கிறேன். வாலாஜாவிலிருந்து ரயிலேறி வந்து, முகத்தை மூடிக்கொண்டு, இரண்டு மணி நேரம் தானாக இருந்துவிட்டுத் திரும்பிப் போகிறாள். அவள் முகத்தை மூட வேண்டியிருக்கும்வரை தேவைதான்.

ஒரே பாலினத்தார் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவுதான் போய்விட்டதே, இனி என்ன வேண்டும் என்று எங்கள் ஆபீசில் படித்தவர்களே கேட்கிறார்கள். அந்தப் பிரிவே வெள்ளைக்காரன் 1860இல் எழுதிய சட்டத்தில் வந்தது. கொடியை வெளிநாட்டுச் சரக்கு என்கிறவர்கள் யாரும் இந்தப் பிரிவை அப்படிச் சொன்னதில்லை. 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது, 2013இல் உச்ச நீதிமன்றம் பழையபடி ஆக்கியது, 2018 செப்டம்பர் 6 அன்று அதே நீதிமன்றம், வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு சேர்வது குற்றமில்லை என்றது. கொடுத்தும் பறித்தும் விளையாடப்பட்ட உரிமை இது. 2023 அக்டோபரில் கல்யாண உரிமை கேட்டதற்குக் கிடைக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் தீர்ப்பு எழுதும் முன், தனக்கே இது புரியவில்லை என்று சொல்லி மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அவ்வளவு பெரிய இடத்தில் இருப்பவருக்கு வந்த அந்த மனம் எனக்கு 2016இல் வரவில்லை.

அப்புறம் 2025 மே மாதம். குடியாத்தத்தில் சிரசு ஊர்வலம் முடிந்த சமயம். இருபத்தைந்து வயதுப் பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாகப் பெற்றோர் வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று அவள் தோழி போட்ட ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்கு நம் வேலூர் மாவட்டப் போலீஸ் மீது. பெண்ணைப் பெற்றோரோடு அனுப்பிவைத்த போலீஸை நீதிபதிகள் கண்டித்தார்கள். அவள் விரும்பிய இடத்துக்குப் போகலாம், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றே வழி அல்ல என்றார்கள். பேப்பரில் படித்தபோது என் கை நடுங்கியது. அந்தப் போலீஸ்காரர்கள் செய்ததைத்தான் நானும் செய்தேன்.

கேன்டீன் போஸ்டரை மாற்றினேன். 'யாரை விரும்பினாலும் அதற்காக உங்களை இங்கே யாரும் ஒதுக்கக் கூடாது, உங்கள் வீட்டுக்குத் தெரிவிக்கவும் கூடாது' என்று எழுதினேன். அக்கா நின்று முழுசாகப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் யாரோ பால்பாயின்ட் பேனாவால் கிறுக்கியிருந்தார்கள். வேறு ஒட்டினேன்.

போன ஆடியில் ஒரு அப்பா கேட்டுக்கு வந்தார், கூட இரண்டு பேர். பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. யாரை விரும்புகிறாள் என்று நான் கேட்கவில்லை, அது எனக்குத் தேவையும் இல்லை. முதலுதவி அறையில் அவளை மட்டும் உட்காரவைத்து, போக விருப்பமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். கேட்டுக்குப் போய், "அவ வரலைன்னு சொல்றாங்கய்யா" என்றேன். "எம்பொண்ணு வீட்டுக்கு வர உன் பர்மிஷன் வேணுமா?" என்று கத்தினார். எனக்குக் கால் உதறியது. "என்னது வேணாங்கய்யா, அவளோடது வேணும்" என்றேன். ஷிஃப்ட் முடியும்வரை அவர் எதிர்ப்பக்கப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வெயில் என்பதால் வாட்ச்மேனிடம் சொல்லித் தண்ணீர் கொடுத்தனுப்பினேன். அந்தப் பெண் ஏறிய வேனைப் பின்கேட் வழியாக எடுக்கச் சொன்னேன்.