பெஞ்சில் உட்காருவதும் வேலைதான்

கூடைப்பந்தைத் தொழிலாக ஆடியவன் என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, "ஒரு மேட்ச்சில் எத்தனை பாயிண்ட் போடுவீர்கள்?" என்பதுதான். நான் பதில் சொல்லும் முன் ஒரு கணக்கைச் சொல்லிவிடுவேன்.

சர்வதேச விதிப்படி ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி 12 பேரை வைத்துக்கொள்ளலாம். களத்தில் நிற்பது 5 பேர். ஆட்டம் 40 நிமிடம். ஆக, அணிக்குள் பங்கு போட இருப்பது மொத்தம் 200 நிமிடம். முதல் ஐந்து பேரும் ஆளுக்கு 30, 32 நிமிடம் ஆடிவிட்டால் மிச்சம் 40 அல்லது 50 நிமிடம் நிற்கும். அதற்கு ஏழு பேர் காத்திருக்கிறார்கள். சமமாகப் பிரித்தாலே ஆளுக்கு ஆறேழு நிமிடம்தான் வரும், சமமாக எந்தக் கோச்சும் பிரிப்பதில்லை. இரண்டு பேருக்குப் பத்துப் பன்னிரண்டு, இன்னும் இரண்டு மூன்று பேருக்கு நாலைந்து, மற்றவர்கள் உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏவில் ஆட்டம் 48 நிமிடம், சீசனுக்கு 82 ஆட்டம். அங்கேயும் கணக்கின் சாரம் இதுவே.

என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி அந்த நாலைந்து நிமிடக்காரர்கள் நடுவே போனது. இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பலர் இப்படித்தான் வாழ்கிறார்கள். நட்சத்திரங்களைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். கூப்பிட்டால் அந்த நொடியில் இறங்கக்கூடிய ஓர் உடம்பையும் தலையையும் ஆண்டு முழுக்க வைத்திருக்கும் வேலையைப் பற்றி யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. எங்களுக்குச் சம்பளம் தந்தது அதற்காகத்தான்.

நாள் தொடங்குவது பிசியோவின் மேசையில். கூடைப்பந்தில் அதிகம் அடிபடும் இடம் கணுக்கால். ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, எம்பி இறங்கும்போது பாதம் இன்னொருவர் ஷூ மேல் பட்டால் போதும், உள்பக்கமாக மடங்கிவிடும், வெளிப்பக்கத் தசைநார் இழுபட்டுவிடும். அதைத் தடுக்கத்தான் டேப். காலை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டி, பாதத்தைச் செங்கோணமாக நிறுத்திக்கொள்ள வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் பிசியோ முழங்காலில் ஒரு தட்டுத் தட்டுவார். முதலில் மெல்லிய நுரைப்பட்டை, பிறகு கெண்டைக்காலுக்குக் கீழே இரண்டு சுற்று. அப்புறம்தான் முக்கியமான பகுதி வரும். டேப்பை உள்கணுவுக்கு மேலிருந்து இறக்கி, குதிகாலுக்கு அடியில் கொண்டுபோய், வெளிக்கணு பக்கமாக மேலே இழுத்து ஒட்டுவார். பாதம் எந்தப் பக்கம் மடங்கப் பார்க்குமோ அதற்கு எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதால் அந்தத் திசையை மாற்றக் கூடாது. கடைசியாகக் குதிகாலை இரண்டு பக்கமும் குறுக்காகச் சுற்றிப் பூட்டுவார். எங்காவது ஒரு சுருக்கம் விழுந்தால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார், ஏனென்றால் சுருக்கம் இருக்கும் இடத்தில் அரை மணியில் கொப்புளம் கிளம்பிவிடும்.

35 நிமிடம் ஆடப்போகிறவருக்கும் ஒரு நிமிடம்கூட ஆடாமல் போகக்கூடியவருக்கும் டேப்பின் நீளம் ஒன்றுதான். களத்தில் இறங்காத இரவுகளில் கத்தரியால் அதை வெட்டி எடுக்கும்போது வியர்வை படாமல் புதுசு போலவே இருக்கும். ஆரம்பத்தில் அதைப் பார்த்தால் மனசு கனக்கும். சில சீசன் கழித்து அந்தக் கனம் குறைந்தது. அணியில் இருந்த ஒரு மூத்த ஆட்டக்காரர் சொன்னதும் அதற்கு ஒரு காரணம். "தம்பி, கோச் கூப்பிடுறப்போ நீ கிளம்பக் கூடாது. ஏற்கனவே கிளம்பியிருக்கணும்" என்றார்.

கிளம்பியிருப்பது எப்படி என்று அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். வார்ம்-அப் முடிந்து பெஞ்சில் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் உடம்பு ஆறத் தொடங்கும். அதிலும் இடுப்பும் தொடையின் பின்தசையும் முதலில் இறுகும். அவர் மேல்சட்டையைக் கழற்றவே மாட்டார். ஒவ்வொரு டைம்-அவுட்டிலும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, முட்டியை மடக்கி இரண்டு மூன்று முறை உட்கார்ந்து எழுவார். கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு வருவதால் பார்ப்பவர்களுக்கு அது உபசாரம் போலத் தெரியும். பாதி ஆட்ட இடைவேளையில் மற்றவர்கள் கோச் பேசி முடித்ததும் முகம் கழுவப் போவார்கள், அவர் நேராகக் களத்துக்குப் போய் மூலையிலிருந்து எறிந்து பழகுவார்.

உடம்பைவிடக் கடினம் தலையைத் தயாராக வைத்திருப்பது. பெஞ்சில் இருக்கும்போது பந்தைப் பார்க்கக் கூடாது என்பது நானே எனக்கு வைத்துக்கொண்ட விதி. பந்து கண்ணை இழுக்கும், ரசிகனாக்கிவிடும். நான் யாருக்குப் பதிலாக இறங்கப்போகிறேனோ அவரை எதிர்த்து நிற்பவரைத்தான் பார்ப்பேன். அவர் எந்தக் காலை ஊன்றிக் கிளம்புகிறார், வழியை மறித்து எங்கள் ஆள் நின்றால், அதாவது ஸ்கிரீன் வந்தால், மேலே சுற்றுகிறாரா கீழே நழுவுகிறாரா, களைத்த பிறகு எந்தப் பக்கம் போவதை விட்டுவிடுகிறார் என்பதையெல்லாம் குறித்துக்கொள்வேன். இன்றைக்கு நடுவர் கை தொட்டாலே விசில் அடிக்கிறாரா, தோள் இடித்தாலும் விட்டுவிடுகிறாரா என்பதும் முக்கியம். அப்புறம் ஃபவுல் கணக்கு. சர்வதேச விதியில் ஐந்தாவது ஃபவுலோடு ஓர் ஆட்டக்காரர் வெளியே. ஒரு கால்பகுதியில் அணி நாலு ஃபவுலைத் தாண்டிவிட்டால், சாதாரண டிஃபென்ஸ் ஃபவுலுக்கே எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு. இதையெல்லாம் தெரியாமல் இறங்குகிறவன் முதல் நிமிடத்திலேயே அனாவசியமாகக் கையை நீட்டி அணிக்கு இரண்டு புள்ளி நஷ்டம் வைப்பான்.

இறங்கிய உடனே என்ன செய்ய வேண்டும் என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதல் பந்தையே எறிந்து பார்க்கத் தோன்றும். கிடைப்பதே நாலு நிமிடம், அதற்குள் தன்னைக் காட்டிவிட வேண்டும் என்ற பதற்றம் அது. ஆனால் விரல்கள் இன்னும் ஆறியிருக்கும், மூச்சு ஆட்டத்தின் வேகத்துக்கு வந்திருக்காது. டிஃபென்ஸுக்கு விரல் சூடு தேவையில்லை, கால் இருந்தால் போதும். அதனால் முதல் முறை எதிரணி பந்தோடு வரும்போது என் ஆளை விடாமல் ஒட்டிக்கொண்டு, வாய் ஓயாமல் பேசுவேன். "இடப்பக்கம் ஸ்கிரீன்", "நான் இருக்கேன்", "உள்ளே வரான்" என்று பேசிக்கொண்டே இருந்தால் மூச்சு தானாக வேகம் பிடிக்கும். ஒரு ரீபவுண்டோ, எதிராளியை உடம்பால் மறித்து வெளியே வைக்கும் ஒரு நல்ல பாக்ஸ்-அவுட்டோ ஆன பிறகு கைக்கு வரும் பந்து வேறு மாதிரி இருக்கும்.

இந்த விஷயத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் பெயர் ஸ்டீவ் கெர். மூன்று புள்ளி எறிதலில் அவருடைய வாழ்நாள் விகிதம் 45.4 சதவீதம், என்பிஏ வரலாற்றிலேயே மிக உயர்ந்தது. ஆனாலும் அவர் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்தவர்தான், வாழ்நாள் சராசரி ஆட்டத்துக்கு 6 புள்ளி. 1997 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் மைக்கேல் ஜோர்டான் கொடுத்த பாஸை வாங்கி வெற்றிப் பந்தைப் போட்டதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது 2003. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் அது அவருடைய கடைசி சீசன், வயது 37. பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகளான பிளேஆஃப்பில் அவரை ஏறக்குறைய இறக்கவே இல்லை. டல்லாஸுக்கு எதிரான மேற்கு மண்டல இறுதியின் ஆறாவது ஆட்டத்தில் அணி பின்தங்கியிருந்தபோது திடீரென்று அழைப்பு வந்தது. மூன்று புள்ளிக்கு நாலு முறை எறிந்தார், நாலும் விழுந்தன, ஸ்பர்ஸ் ஜெயித்து இறுதிச் சுற்றுக்குப் போனது. வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தவருக்குக் கை எப்படி வேலை செய்தது என்று வெளியில் இருப்பவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். பெஞ்சில் இருந்தவர்களுக்கு அதன் பின்னால் இருந்த நாட்கள் தெரியும். யாரும் பார்க்காத ஒவ்வொரு பயிற்சியிலும் அந்த ஆள் ஆட்டநாள் போலவே எறிந்திருப்பார்.

புள்ளிப் பட்டியலில் இடமே இல்லாத வேலைகளும் நிறைய உண்டு. சரியான கோணத்தில் ஒரு ஸ்கிரீன் வைத்தால் நண்பனுக்கு ஒரு அடி இடம் கிடைக்கும், புள்ளி அவன் பெயரில் ஏறும். பெரிய ஆளை இடுப்பால் தடுத்து வெளியே வைத்திருந்தால் ரீபவுண்ட் இன்னொருவர் பெயரில் ஏறும். என்பிஏவில் ஆடிய ஷேன் பேட்டியர் எறிபவரின் பந்தைத் தட்டப் பார்ப்பதைவிட, அவர் கண்ணுக்கு முன்னால் கையை விரிப்பதையே பழக்கமாக வைத்திருந்தார். அதற்கு எந்தக் கட்டமும் பட்டியலில் கிடையாது. 2012லும் 2013லும் மயாமி ஹீட் சாம்பியனானபோது அவர் அந்த அணியில் இருந்தார். கோச்சுகள் வீடியோ போட்டுப் பார்க்கும்போது இதெல்லாம் தெரியும். வீடியோ அறையில் கோச் படத்தை நிறுத்தி, "இங்கே பாருங்கள், இவர் நின்ற இடத்தை" என்று என்னைக் காட்டிச் சொன்ன காலைகள் சில இருக்கின்றன. இருபது புள்ளி போட்ட இரவுகளைவிட அவை எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

அடுத்தது ஒப்பந்தம். என்னைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு சீசன்தான். என்பிஏவில் பத்து நாள் ஒப்பந்தம் என்றே ஒரு வகை இருக்கிறது. ஒரே அணியில் ஒரு சீசனில் இரண்டு முறை அது கிடைக்கலாம், மூன்றாவதாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் மீதி சீசனுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். சீசன் நடுவில் ஏஜென்டின் பெயர் போனில் மின்னினால் வயிற்றில் ஒரு பயம் வரும். வாடகை வீட்டுக்குக் கட்டில், அலமாரி எதுவும் வாங்காமல் பெட்டியிலிருந்தே துணி எடுத்து உடுத்திய வருடங்கள் உண்டு. குடும்பம் இருப்பவர்களுக்கு இது இன்னும் கொடுமை. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த மாதமே அணி மாற வேண்டிவந்தவரை எனக்குத் தெரியும்.

சம்பளம் நேரத்துக்கு வராத கிளப்பும் என் வரலாற்றில் ஒன்று உண்டு. தோற்றால் பணம் தள்ளிப்போகும், ஜெயித்தாலும் ஏதாவது காரணம் இருக்கும். அப்போதுதான் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபா 2007இல் ஜெனீவாவில் ஒரு நடுவர் மன்றத்தை ஏற்படுத்தியது. ஆட்டக்காரர், ஏஜென்ட், கிளப் இவர்களுக்குள் வரும் பணத் தகராறுகளை அது தீர்த்துவைக்கிறது. ஆனால் தகராறு வந்தால் அந்த மன்றத்துக்குப் போகலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். தீர்ப்பை மதிக்காத கிளப்புக்குப் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யத் தடை போட ஃபிபாவால் முடியும். அந்த வரிக்குப் பல் இருப்பது அதனால்தான். இளைஞர்கள் சம்பளத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கும்போது எனக்குப் பதறும்.

மனசைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆடாதவன் சோகமாக இருந்தால் அணிக்குப் பாரம், சிரித்தால் அக்கறை இல்லாதவன். இரண்டுக்கும் நடுவே ஒரு முகத்தை மாதக்கணக்கில் வைத்திருப்பது களைப்பான காரியம். 2018இல் டிமார் டிரோஸன் தன் மனச்சோர்வைப் பற்றியும், சில வாரங்களில் கெவின் லவ் ஆட்டத்தின் நடுவே தனக்கு வந்த பீதித் தாக்குதலைப் பற்றியும் வெளிப்படையாகச் சொன்னார்கள். இருவருமே நட்சத்திரங்கள். அவர்களே சொன்ன பிறகுதான் உடை மாற்றும் அறைகளில் இதைப் பற்றிச் சாதாரணமாகப் பேச முடிந்தது. அதற்கு அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

யுடோனிஸ் ஹாஸ்லமின் கடைசி வருடங்களைப் பலர் கேள்வி கேட்டார்கள். என்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2002இல் எந்த அணியும் எடுக்காதவர், பிரான்ஸில் ஒரு வருடம் ஆடிவிட்டு 2003இல் மயாமிக்கு வந்தார். 20 சீசன் அதே அணி, மூன்று சாம்பியன் பட்டம். கடைசிச் சில சீசன்களில் களத்தில் இறங்கியது மிகக் குறைவு. ஆடாதவருக்கு எதற்கு இடம் என்றார்கள். ஓர் இளம் ஆட்டக்காரர் தவறிவிட்டுத் திரும்பி வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லக்கூடிய ஒருவர் பெஞ்சில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். கோச் சொன்னால் திட்டு மாதிரி இருப்பது அவர் சொன்னால் வழி மாதிரி இருக்கும். அந்த இடத்துக்குக் கொடுத்த சம்பளம் வீணில்லை என்பதே என் முடிவு.

முழங்கால் போதும் என்று சொன்னபோது நிறுத்திக்கொண்டேன். இப்போது கிளப்புகளுக்காக ஆட்டக்காரர்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. அரங்கில் பெஞ்சுக்கு எதிர்ப்பக்கம் இடம் கேட்டு வாங்குவேன். டைம்-அவுட்டில் யார் கோச்சின் பலகையைப் பார்க்கிறார்கள், யார் கூட்டத்தைப் பார்க்கிறார்கள், அழைத்ததும் யார் ஷூ நாடாவைக் கட்டக் குனிகிறார்கள் என்பதையெல்லாம் எழுதிக்கொள்வேன். போன சீசனில் ஆட்டத்துக்கு மூன்று புள்ளிகூடச் சராசரி இல்லாத ஒருவரைப் பரிந்துரைத்தேன். அவர் இறங்கிய முதல் நிமிடத்தில் எதிரணியில் கார்டு இடத்தில் ஆடுபவருக்கு நாலு ஃபவுல் ஆகியிருப்பது தெரிந்து நேராக அவரை நோக்கியே பந்தைக் கொண்டுபோனார், ஐந்தாவதை வாங்கிக் கொடுத்துவிட்டார். கிளப்பில் முதலில் தயங்கினார்கள். அப்புறம் எடுத்துக்கொண்டார்கள், இந்த மாதம் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டியிருக்கிறார்கள்.