குயிலைப் பதிவு செய்யக் காகக் கூட்டைப் பாருங்கள்

சென்னையில் குயிலின் இனப்பெருக்கத்தைப் பதிவு செய்ய விரும்புகிறவர் முதலில் காகத்தைத்தான் பின்தொடர வேண்டும். குயில் கூடு கட்டுவதில்லை. ஆண்குயிலின் கூவல் ஓங்கி ஒலிக்கும் சித்திரை, வைகாசி மாதங்களில், அடையாறு, பெசன்ட் நகர்த் தெருக்களின் வேம்பிலும் தூங்குமூஞ்சி மரத்திலும் காகங்கள் சுள்ளிகளோடு கட்டுக்கம்பித் துண்டுகளையும் சேர்த்துக் கூடு பின்னுகின்றன. பெண்குயில் முட்டையிடுவது அந்தக் கூடுகளில்தான். என் குறிப்பேட்டின் பெரும்பகுதியைக் காகக் கூடுகளே நிரப்பியிருப்பதற்கு இதுவே காரணம்.

சென்ற கோடையில் எதிர்வீட்டு வேப்பமரத்துக் கூடு ஒன்றை மொட்டைமாடியிலிருந்து பைனாகுலரில் கவனித்து வந்தேன். கரிய ஆண்குயில் கூட்டருகே வந்து உரக்கக் கூவியதும் இரண்டு காகங்களும் அதைத் துரத்திக்கொண்டு பறந்தன. அந்த இடைவெளியில், பழுப்பு உடலெங்கும் வெண்புள்ளிகள் கொண்ட பெண்குயில் இலைமறைவிலிருந்து கூட்டின் விளிம்புக்குத் தாவியது. வாலைத் தாழ்த்திச் சற்றே அமர்ந்தது. ஓசையின்றி மறுபுறம் வெளியேறிவிட்டது. காக முட்டை பொரிய 16, 17 நாட்கள் ஆகும். குயில் முட்டைக்கு 12 முதல் 14 நாட்களே போதும் என்பதால் குயில் குஞ்சு முந்திக்கொள்கிறது. ஐரோப்பியக் குயிலின் குஞ்சு மற்ற முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகில் ஏந்தி வெளியே தள்ளிவிடுவதை ஆங்கிலேய மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் 1788-இல் விவரித்தார். நம் ஊர்க் குயில் குஞ்சு பொதுவாக அப்படிச் செய்வதில்லை. காகக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்வதும் உண்டு. வஞ்சகம், ஏமாளித்தனம் என்று நீதிக்கதை பேசாமல், கூட்டில் நடப்பதை நடந்தபடி எழுதுவதே நல்லது.

எழுத வேண்டியவை சில: தேதி, நேரம், மரம், தரையிலிருந்து கூட்டின் தோராய உயரம், பறவை கட்டுகிறதா, அடைகாக்கிறதா, இரை ஊட்டுகிறதா என்ற நிலை. இவை அனைத்தையும் தொலைவிலிருந்தே அறியலாம்.

குயில் குடும்பத்தின் இன்னொரு பறவையான சுடலைக்குயிலைத் தேடுகிறவர்களுக்கு இந்தத் தொலைவு இன்னும் இன்றியமையாதது. அது தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிடும்; அந்தக் கூடோ புதரிலும் சிறு மரங்களிலும் எட்டும் உயரத்திலேயே இருக்கலாம். கிளையை விலக்கிப் படமெடுத்தால் மறைவு கலைகிறது, தாய்ப்பறவை விலகி நிற்கிறது, நம்மைக் கவனித்தபடி அருகில் அமர்ந்திருக்கும் காகம் நாம் நகர்ந்ததும் கூட்டைச் சூறையாட இறங்கி வருகிறது. ஒரு படத்துக்காக ஒரு கூட்டின் முட்டைகளையும் குஞ்சுகளையுமே பறிகொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. கூட்டின் படத்தையும் இருப்பிடத்தையும் பொதுவெளியில் பகிர்வதையும் தவிர்க்க வேண்டும்.

தெருவோர மரங்களுக்கு வரும் ஆபத்து வேறு. மின்கம்பிக்காகவும் மழைக்கு முன்னேற்பாடாகவும் கிளைகளைக் கழிப்பது பெரும்பாலும் கூடுகள் நிறைந்திருக்கும் கோடையில்தான் நடக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும் கூடுகளைக் குலைப்பதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. காகம் மட்டும் நெடுங்காலம், அந்தப் பாதுகாப்பு இல்லாத தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. காகக் கூடு விழுந்தால் அதனுள் இருக்கும் குயில் முட்டையும் விழும். ஆகவே, இந்தக் கோடைக்கு எங்கள் தெருவின் கூடுள்ள மரங்களைக் குறித்த வரைபடம் ஒன்றைத் தயாரித்து வருகிறேன். கிளை வெட்ட வருகிறவர்களிடம் அதைக் காட்டி, குஞ்சுகள் பறக்கும் வரை அந்த மரங்களை மட்டும் விட்டுவைக்கக் கேட்கப் போகிறேன்.