எனக்கு பாசிட்டிவ், மகளுக்கு நெகட்டிவ்: சிறுநீரக மாற்றுக்கு முன் வந்த ஒரு ரிப்போர்ட்

மும்பை செம்பூரில் இருக்கிறோம். மகளுக்கு என் சிறுநீரகத்தைக் கொடுப்பது என்று முடிவானதும் பரிசோதனைகள் வரிசையாக வந்தன. ரத்தப் பிரிவு, எச்.எல்.ஏ. என்ற திசுப் பொருத்தம், என் செல்களை அவள் ரத்தம் எதிர்க்கிறதா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் எல்லாம் நல்லபடியாக அமைந்தன. தாய் கொடுப்பது சட்டப்படி நெருங்கிய உறவு என்பதால் காகித வேலையும் ஆதார், பிறப்புச் சான்றிதழ், வீடியோ எடுத்த ஒரு நேர்காணல் என்று முடிந்தது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வைரஸ் ரிப்போர்ட்தான். எப்ஸ்டீன்-பார் வைரஸ் (ஈபிவி) ஐஜிஜி, அதாவது முன்பே தொற்று வந்ததைக் காட்டும் எதிர்ப்பொருள், எனக்கு பாசிட்டிவ், மகளுக்கு நெகட்டிவ். இது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். 1964இல் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு வரும் பர்கிட் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க் கட்டியில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். செல்போனில் தேடினால் புற்றுநோய் என்ற சொல்தான் முதலில் கண்ணில் படுகிறது. என் உடம்பிலிருந்து அவளுக்கு இதையா கொடுக்கப் போகிறேன் என்று பதறிவிட்டேன்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். பெரியவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த வைரஸ் இருக்கிறது. எச்சில் வழியாகப் பரவும். பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வந்ததே தெரியாமல் வந்துவிடும். பிறகு எதிர்ப்பொருள் உண்டாக்கும் ரத்த வெள்ளணுக்களான பி செல்களில் ஆயுசுக்கும் தங்கிவிடும். டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள் அதை அடக்கி வைப்பதால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்றும் ஆவதில்லை.

எங்கள் விஷயத்தில் ஆபத்து எங்கே என்றால், சிறுநீரகத்தோடு வைரஸும் போகும். உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் அதே டி செல்களைத்தான் அடக்குகிறது. முன்பே தொற்று வந்திராத குழந்தைக்கு எதிர்ப்புத் தயாராக இருக்காது. பி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகினால் லிம்போமா வரலாம். தடுப்பூசி இல்லை. என் கணவருக்கும் பாசிட்டிவ்தான். நெகட்டிவான பெரியவரைத் தேடிக்கொண்டு டயாலிசிஸை நீட்டுவது சரியில்லை என்று டாக்டர் சொன்னதை ஏற்றுக்கொண்டோம். இன்றும் அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

அறுவை சிகிச்சைக்குப் பின், முதல் வருடத்தில்தான் ஆபத்து அதிகம் என்பதால், ரத்தத்தில் வைரஸ் அளவை பிசிஆர் என்ற மரபணுச் சோதனை மூலம் அடிக்கடி பார்த்தார்கள். ஒரு கட்டத்தில் அளவு ஏறியது. மருந்தைக் குறைத்தால் சிறுநீரகம் நிராகரிக்கப்படலாம், குறைக்காவிட்டால் வைரஸ் பெருகும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அளவு இறங்கியது. அந்த நாட்களில் சாப்பாடு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

பிள்ளைக்கு உறுப்பு கொடுக்கப் போகும் பெற்றோர் இருவரின் ஈபிவி முடிவையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள், பிசிஆர் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதையும் எழுதி வாங்குங்கள். கழுத்து, அக்குளில் கட்டி தெரிந்தாலோ காய்ச்சல் விடாமல் அடித்தாலோ நேராக மாற்று சிகிச்சை டாக்டரிடமே போங்கள். பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கவே வேண்டாம். கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகள் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும்.